பொம்மை டைனோசர்கள் கூறும் வரலாறு

முன்னுரை

விளையாட்டுப் பொருள்களின் வரலாறு மனித நாகரிகத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். சிந்துவெளி மக்கள் சுட்ட களிமண்ணால் சிறு வண்டிகளையும் தலையாட்டும் காளைகளையும் செய்தனர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்துப் போற்றினர். இவையனைத்தும் குழந்தைகள் தம் கண்முன் கண்ட பொருள்களின் சிற்றுருவங்களே. முற்றத்தில் நின்ற காளை பொம்மைக் காளையாயிற்று. தெருவில் ஓடிய தேர் சிறுதேராயிற்று.

இப்பொது விதிக்கு விலக்காக அமைந்த ஒரு விளையாட்டுப் பொருள் உண்டு. அதுவே உள்ளங்கையில் அடங்கும் பொம்மை டைனோசர். பறவைகளாகத் தொடர்ந்து வாழும் ஒரு கிளை நீங்கலாக, டைனோசர்கள் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டன. அவற்றை உயிரோடு கண்ட மனிதர் எவருமிலர். ஆகவே, பொம்மை செய்வோர் விலங்கைப் பார்த்துச் செய்தல் இயலாது. அவ்விலங்கைப் பற்றி அறிஞர் கூறியதைக் கேட்டே செய்தல் வேண்டும். இதனால், ஒரு பொம்மை டைனோசர் பண்டைய விலங்கைக் காட்டுவதைக் காட்டிலும், தான் வார்க்கப்பட்ட ஆண்டில் மனிதர் எதை அறிந்திருந்தனர், எதை அறியாதிருந்தனர் என்பதையே தெளிவாகக் காட்டுகிறது. சிறுவர் விளையாடிக் களைந்த இச்சிறு பொருள்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர் பெற்ற விலங்கும் உருப்பெற்ற சிலையும்

1824ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பக்லாண்டு என்னும் அறிஞர், இங்கிலாந்தில் கிடைத்த ஒரு தாடையெலும்பையும் வேறு சில எலும்புகளையும் ஆராய்ந்து, அவற்றுக்குரிய விலங்குக்கு மெகலோசாரஸ் எனப் பெயரிட்டார். மறு ஆண்டில் கிடியன் மாண்டெல் என்னும் மருத்துவர் இகுவனோடானை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1842ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் இவ்விரண்டையும் ஹைலியோசாரஸ் என்னும் மூன்றாவது விலங்கையும் ஒரே குலத்தில் அடக்கி, அக்குலத்திற்கு டைனோசாரியா என்னும் பெயரைச் சூட்டினார். அஞ்சத்தக்க பெரும்பல்லி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆகிய பெயர் அது. அன்று அக்குலத்தில் இருந்தவை மூன்றே மூன்று விலங்குகள்.

பெயர் பெற்ற பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்விலங்குகள் உருவமும் பெற்றன. 1851ஆம் ஆண்டின் பெரும் பொருட்காட்சிக்கென இலண்டனில் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகை பின்னர்ச் சிடன்ஹாம் என்னுமிடத்திற்கு மாற்றப்பட்டு 1854ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பூங்காவில் வைப்பதற்காக பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி, ஓவனின் அறிவுரையைப் பெற்று, பண்டைய விலங்குகளின் முழுவடிவச் சிலைகளை அமைத்தார். 1853ஆம் ஆண்டின் கடைசி இரவில் இகுவனோடானின் அச்சுக்கூட்டுக்குள்ளேயே மேசையிட்டு அறிஞர்களுக்கு விருந்து படைத்த செய்தி இன்றளவும் பேசப்படுகிறது. அச்சிலைகள் இன்றும் அப்பூங்காவில் நிற்கின்றன.

அங்கு நிற்கும் இகுவனோடான் காண்டாமிருகத்தைப் போல் நான்கு தடித்த கால்களும் மூக்கின்மேல் ஒரு கொம்பும் உடையது. 1878ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவனோடானின் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அவற்றைக் கண்ட பின்னரே, மூக்குக்கொம்பு எனக் கருதப்பட்டது உண்மையில் அவ்விலங்கின் கட்டைவிரல் முள் என்பது ஐயமற விளங்கிற்று. பிழை விளங்கியதற்காக இலண்டன் மக்கள் தம் சிலையை இடித்துத் தள்ளவில்லை. மூக்கில் முள்ளோடு நிற்கும் அச்சிலை, 1854ஆம் ஆண்டின் அறிவு எவ்வாறிருந்தது என்பதற்கு நிலையான சான்றாக விளங்குகிறது.

வகுப்பறைக்கென வந்த சிற்றுருவங்கள்

ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. டைனோசரின் சிற்றுருவம் முதன்முதலில் கடைவீதிக்கென உண்டாக்கப்பட்டதன்று; கல்விக்கென உண்டாக்கப்பட்டதாகும். ஹாக்கின்ஸ் 1854ஆம் ஆண்டில் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், நிலவியலைக் கற்பிப்பதற்குக் காட்சிவழிக் கல்வியே தக்க முறை என வலியுறுத்தினார். சொல்லைக் கேட்டு அறிவதினும் பொருளைக் கண்டு அறிவதே உள்ளத்தில் ஆழப் பதியும் என்பது அவர் கொள்கை. அதற்கேற்பத் தம் சிலைகளின் சிறு வடிவங்களைச் செய்தார்; அவை கல்வி நிலையங்களின் பயன்பாட்டிற்காக விற்கப்பட்டன. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஹென்றி வார்டு என்பார் நடத்திய இயற்கைப் பொருள் விற்பனை நிலையமும் அச்சிற்றுருவங்களின் படிகளைக் கல்லூரிகளுக்கும் அரும்பொருளகங்களுக்கும் அனுப்பி வந்தது.

இன்று நாம் பயிற்றுத் துணைப்பொருள் எனக் கூறுவது இதுவே. ஆகவே, பொம்மை டைனோசரின் பிறப்பிடம் கடையன்று, வகுப்பறையே என்பது மிகையாகாது. அது கடைக்குச் சென்று, சிறுவர் கைக்குச் சென்று, நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் பள்ளி அலமாரிக்கு வந்து சேர்ந்த பயணமே இனிக் கூறப்போவது.

எண்ணெய் நிறுவனமும் எஃகு அச்சும்

இருபதாம் நூற்றாண்டில் டைனோசரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியதில் விளம்பரத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் சிங்கிளேர் எண்ணெய் நிறுவனம் 1930ஆம் ஆண்டு முதல் டைனோசர் படங்களைத் தன் விளம்பரங்களில் பயன்படுத்திற்று. நீண்ட கழுத்துடைய பிரான்டோசாரஸ் அதன் அடையாளச் சின்னமாயிற்று. 1933, 1934ஆம் ஆண்டுகளில் சிக்காகோவிலும், 1964, 1965ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கிலும் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிகளில் அந்நிறுவனம் பேருருவங்களை நிறுத்திக் காட்டியது. நியூயார்க்கில் ஒன்பது டைனோசர்கள் நின்றன. அங்கு வைக்கப்பட்டிருந்த இயந்திரத்தில் காசு போட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு டைனோசர் சூடாக வார்க்கப்பட்டு வெளிவரும். அதனைக் கையில் ஏந்தி வீடு திரும்பிய சிறுவர்களே பிற்காலத்தில் பொம்மை சேகரிப்போரின் முதல் தலைமுறையாயினர்.

இவ்விளம்பரத்தால் ஒரு தவறான எண்ணமும் வேரூன்றிற்று. கல்லெண்ணெய் டைனோசரின் உடலிலிருந்து உண்டாயிற்று எனப் பலரும் இன்றும் நம்புகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் பண்டைய கடல்களில் வாழ்ந்த மிக நுண்ணிய உயிர்களிலிருந்து உண்டானதாகும். ஒரு சின்னம் ஒரு பாடநூலை வெல்ல வல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக், போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பொம்மைத் தொழிலை முற்றாக மாற்றிற்று. ஈயத்தாலும் மரத்தாலும் செய்யப்பட்ட பொம்மைகளின் இடத்தைப் பிளாஸ்டிக் பொம்மைகள் பிடித்தன. அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனம் 1955ஆம் ஆண்டு முதல் டைனோசர் தொகுதிகளை வெளியிட்டது. அவ்வுருவங்களுக்கு முன்மாதிரியாக விளங்கியது ஓர் ஓவியமாகும். ரூடால்ப் சாலிங்கர் என்னும் ஓவியர் 1943 முதல் 1947 வரை உழைத்து, யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அரும்பொருளகச் சுவரில் 110 அடி நீளத்திற்கு ஊர்வனவற்றின் ஊழியைத் தீட்டினார். 1953ஆம் ஆண்டில் லைப் இதழ் அதனை உலகறியச் செய்தது. அவ்வோவியத்தில் டைனோசர்கள் உடல் பருத்து, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, சோம்பி நிற்கும். பொம்மைகளும் அவ்வாறே சோம்பி நின்றன.

இங்கு அச்சு வேலையின் தன்மையை அறிந்துகொள்வது நலம். பிளாஸ்டிக் பொம்மைக்கு இரு பாதிகளாகிய எஃகு அச்சு வேண்டும். அவ்வச்சைச் செதுக்குவதற்கு மிகுந்த பொருட்செலவாகும். அச்சு அமைந்துவிட்டாலோ, உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி ஆயிரக்கணக்கான பொம்மைகளை மிகக் குறைந்த செலவில் வார்த்தெடுக்கலாம். எனவே, ஓர் அச்சைச் செய்தவர் அதனை எளிதில் கைவிடார். அறிவியல் நூல்கள் திருத்தப்பட்ட பின்னரும் பழைய அச்சு உழைத்துக்கொண்டே இருக்கும். அறிஞர் மன்றத்தில் மறைந்த கருத்து பொம்மைக் கடையில் முப்பது ஆண்டுகள் உயிர்வாழ்வதற்கு இதுவே காரணம்.

ஹாங்காங்கிலிருந்து வந்த பைகள்

நம் நாட்டுக் குழந்தைகளின் கைக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அமெரிக்கப் பொம்மைகள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஹாங்காங்கில் பிளாஸ்டிக் தொழில் வேகமாக வளர்ந்தது. 1950ஆம் ஆண்டில் லீ கா சிங் தொடங்கிய தொழிற்சாலை போன்ற பல சிறு தொழிற்சாலைகள் பொம்மைகளையும் பிளாஸ்டிக் பூக்களையும் வார்த்து உலகெங்கும் அனுப்பின. 1970களில் ஹாங்காங் உலகின் முதன்மையான பொம்மை ஏற்றுமதித் தலங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது.

1970களின் பிற்பகுதியில் தோட்டப்புறத்தில் வளர்ந்த என் போன்றோர்க்கு டைனோசர் அறிமுகமானது இப்பைகளின் வாயிலாகவே. சீனர் மளிகைக்கடையின் கூரையிலிருந்து, மேலே வண்ண அட்டை தைத்த கண்ணாடிப் பைகள் தொங்கும். முழுப்பையை வாங்கும் வசதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏது? கடைக்காரர் பையைப் பிரித்து, ஒன்று பத்துக் காசு என விற்பார். டிக்கம் அட்டையில் சீட்டுக் கிழித்துப் பரிசாகப் பெற்றோரும் உண்டு. பச்சை, செம்மஞ்சள், பழுப்பு என ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் இருக்கும். வயிற்றின் அடியில் ஹாங்காங் என்னும் ஆங்கில எழுத்துகள் புடைத்து நிற்கும். விலங்கின் பெயர் எங்கும் இராது. ஆகவே நாங்களே பெயரிட்டோம். நெடுங்கழுத்தன், மூக்கொம்பன், முதுகில் விசிறி உடையவன் என அவை லயத்து வீட்டுத் திண்ணையில் அணிவகுத்தன.

முதுகில் விசிறி உடையவன் டைமெட்ரோடான் என்பதைப் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்திலேயே அறிந்தேன். அது டைனோசரே அன்று. முதல் டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து மறைந்த விலங்கு அது. உறவுமுறையில் பல்லிகளைவிடப் பாலூட்டிகளாகிய நமக்கே அது நெருங்கியது. எனினும், டைனோசர்ப் பை ஒவ்வொன்றிலும் அது தவறாமல் இடம்பெற்றது, இன்றும் இடம்பெறுகிறது.

இப்பொம்மைகள் எவ்வாறு உண்டாயின? அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ விற்கப்பட்ட ஒரு பொம்மையையே மூலமாக வைத்து அச்செடுத்துப் புதிய பொம்மைகளை வார்ப்பது பல தொழிற்சாலைகளின் வழக்கம். பிளாஸ்டிக் ஆறும்போது சிறிது சுருங்கும் இயல்புடையது. ஆதலால் படியானது மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாகும். பற்களும் நகங்களும் மழுங்கும். அப்படியிலிருந்து மற்றொரு படி எடுத்தால் உருவம் மேலும் சிறுத்து மேலும் மழுங்கும்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினோர் எழுத்தை விட்டும் மாற்றியும் எழுதியதால் பாட வேறுபாடுகள் தோன்றின அல்லவா? உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது போன்ற ஒரு பணியைச் சிறிய அளவில் பொம்மை சேகரிப்போரும் செய்து வருகின்றனர். ஒரே விலங்கின் பத்துப் பொம்மைகளை வரிசையாக வைத்து அளந்து, எது மூலம், எது படி, எது படியின் படி என அவர்கள் கண்டறிகின்றனர். வேறுபாட்டை ஆராயும் பொறுமையே இரு பணிகளுக்கும் அடிப்படை.

படியெடுத்தோர் சில வேளைகளில் எந்த நூலிலும் இல்லாத விலங்குகளையும் படைத்துப் பையில் சேர்த்தனர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் என்பவர் 1970களில் அத்தகைய ஹாங்காங் பையொன்றை வாங்கினார். அதிலிருந்த விந்தை உருவங்களே, 1974ஆம் ஆண்டில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் கற்பனை விளையாட்டில் ஆந்தைமுகக் கரடியாகவும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்காகவும் பின்னர் உருப்பெற்றன. பெயரறியாத தொழிலாளி ஒருவரின் கைவண்ணம் உலகப் புகழ்பெற்ற விளையாட்டொன்றில் நிலைபெற்றது. அவர் யார் என்பது வரலாற்றில் பதியப்படவில்லை.

அளவுகோலோடு வந்த பொம்மைகள்

1974ஆம் ஆண்டு முதல் பொம்மை டைனோசரின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பிரிட்டனின் இன்விக்டா நிறுவனம், இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தோடு இணைந்து ஒரு தொகுதியை வெளியிடத் தொடங்கிற்று. அதன் உருவங்கள் பெரும்பாலும் 45இல் ஒரு பங்கு என்னும் அளவில் அமைந்தன. அஃதாவது, உண்மை விலங்கின் 45 சென்டிமீட்டர் பொம்மையில் ஒரு சென்டிமீட்டராகும். இதன் பயன் பெரிது. ஹாங்காங் பையில் நெடுங்கழுத்தனும் மூக்கொம்பனும் ஒரே உயரத்தில் நிற்பர். இன்விக்டா தொகுதியிலோ, மெகலோசாரஸுக்கு அருகில் டிப்ளோடோகஸை வைத்தவுடன் உருவ வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும். கணிதப் பாடத்தில் விகிதத்தைக் கற்பிக்க இதனினும் சிறந்த துணைப்பொருள் அரிது.

அமெரிக்காவில் சபாரி நிறுவனம், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி அரும்பொருளகத்தோடு இணைந்து 1988 முதல் 2015 வரை கார்னகித் தொகுதியை வெளியிட்டது. அதன் டிரானோசாரஸ் தொடக்கத்தில் நிமிர்ந்து வாலூன்றி நின்றது. பின்னர் வெளிவந்த வடிவத்தில் முதுகைத் தரைக்கு இணையாக்கி, வாலைக் காற்றில் நீட்டி நின்றது. ஒரே தொகுதிக்குள்ளேயே ஓர் அறிவியல் மாற்றம் பதிவாகியிருப்பதை இங்குக் காணலாம்.

வால் நிமிர்ந்த வரலாறு

அம்மாற்றம் யாது? 1964ஆம் ஆண்டில் ஜான் ஆஸ்ட்ரம் என்னும் அறிஞர் மொண்டானா மாநிலத்தில் டைனோனிகஸ் என்னும் விலங்கின் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1969ஆம் ஆண்டில் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஒல்லியான உடலும், விறைத்த வாலும், காலில் அரிவாள் போன்ற நகமும் உடைய அவ்விலங்கு சோம்பித் திரிந்ததாயிருத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று. டைனோசர்களில் பல சுறுசுறுப்பாக இயங்கியவை என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. வால் தரையில் இழுபட்டிருந்தால் காலடித் தடங்களோடு வால்தடமும் பாறையில் பதிந்திருக்க வேண்டும். அவ்வாறு பதிந்த தடம் கிடைப்பது மிக அரிது.

அரும்பொருளகங்களும் தம்மைத் திருத்திக்கொண்டன. பிரான்டோசாரஸ் எனப் பெரிதும் அறியப்பட்ட அப்பட்டோசாரஸுக்கு நெடுங்காலமாக வேறு இனத்தின் குட்டைத் தலையே பொருத்தப்பட்டிருந்தது. கார்னகி அரும்பொருளகம் 1979ஆம் ஆண்டில் உரிய தலையை அமைத்தது. இலண்டனில் 1905ஆம் ஆண்டு முதல் தரையில் கிடந்த டிப்ளோடோகஸின் வால் 1993ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படம் புதிய உருவத்தை உலகக் குழந்தைகள் அனைவர் உள்ளத்திலும் பதித்தது.

1996ஆம் ஆண்டில் சீனாவின் லியாவ்னிங் மாநிலத்தில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ், மெல்லிய இறகிழைகளின் தடங்களோடு காணப்பட்டது. 2010ஆம் ஆண்டில், அவ்விழைகளில் எஞ்சியிருந்த நுண்ணிய நிறத்துகள்களை ஆராய்ந்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையுமான பட்டைகள் மாறிமாறி அமைந்திருந்தன என அறிஞர் அறிவித்தனர். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பொம்மை செய்வோர் தம் விருப்பம்போல் வண்ணம் பூசினர். இப்போது ஒரு சில விலங்குகளுக்கேனும் சான்றுடைய வண்ணம் உண்டு.

நம் மண்ணில் கிடைத்தவை

பொம்மைப் பையில் இடம்பெற்ற விலங்குகளுக்கு ஊரும் உண்டு. டிரானோசாரஸும் டிரைசெராடாப்ஸும் ஸ்டெகோசாரஸும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவை. அப்பைகளைக் கொண்டு விளையாடிய ஆசியக் குழந்தை, இவை யாவும் எங்கோ தொலைவில் வாழ்ந்தவை என எண்ணுவது இயல்பே. உண்மை அவ்வாறன்று.

கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டில் ஒரு பேருயிருக்கு பாராபாசாரஸ் தாகோரை எனப் பெயரிட்டனர். பெருங்கால் என்னும் வங்காளச் சொல்லும் கவியரசர் தாகூரின் பெயரும் அதில் இணைந்துள்ளன. தாகூர் பிறந்த நூற்றாண்டாகிய 1961ஆம் ஆண்டை நினைந்து சூட்டிய பெயர் அது. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகள் 1980களில் புருகத்காயோசாரஸ் என்னும் பெயர் பெற்றன. அவ்வெலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும் நிழற்படங்களுமே. காக்கப்படாத சான்று என்னவாகும் என்பதற்கு இதனினும் வருந்தத்தக்க எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மலேசியாவிலும் 2014ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் டைனோசர் புதைபடிவம் கிடைத்ததை மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அது மீனுண்ணும் ஸ்பைனோசாரிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல். நீளம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. ஜப்பானிய அறிஞர்களும் அவ்வாய்வில் பங்கு கொண்டனர். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றுள் சிறியதன் நீளமே ஏறத்தாழ 12 மீட்டர். அக்கூடுகளின் அடியில் நிற்கும் மாணவன் வியப்படைவது உறுதி. பகாங் பல்லின் வரலாற்றையும் அவன் அறிவானாயின், அவ்வியப்பு தன் மண்ணை நோக்கியும் திரும்பும்.

பழைமை ஏக்கமும் பள்ளி அலமாரியும்

வளர்ந்த மனிதர் சிறுவயதுப் பொம்மைகளைத் தேடித் திரட்டுவதைக் கண்டு நகைப்போர் உளர். பழைமை ஏக்கத்தைக் குறிக்கும் நாஸ்டால்ஜியா என்னும் சொல்லை 1688ஆம் ஆண்டில் ஜோகன்னஸ் ஹோபர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் உருவாக்கியபோது, அஃது ஒரு நோயின் பெயராகவே இருந்தது. ஊரைப் பிரிந்தோர் ஊர் நினைவால் உடல் மெலிவதை அவர் அவ்வாறு குறித்தார். இன்று அதனை எவரும் நோய் எனக் கொள்வதில்லை. எனினும், ஏக்கம் ஏக்கமாகவே நின்றுவிடின் பயனில்லை. அது தேடலாகவும் ஒப்பீடாகவும் பதிவாகவும் வளரும்போதே அறிவாகிறது. பொம்மை சேகரிப்போர் பலர் அவ்வாறு வளர்ந்தவர்களே. 1993ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் பிரீஹிஸ்டாரிக் டைம்ஸ் என்னும் இதழ் தொல்லுயிரியல் கட்டுரைகளையும் பொம்மைகளின் வரலாற்றையும் ஒருங்கே வெளியிட்டு வருவது இதற்குச் சான்று.

நான் பணியாற்றும் பள்ளியின் அறிவியல் மூலையில் பழையனவும் புதியனவுமாகச் சில பொம்மை டைனோசர்கள் உள்ளன. மூலையைப் புதுப்பித்தபோது இளம் ஆசிரியர் ஒருவர், "ஐயா, வாலூன்றி நிற்பவை எல்லாம் தவறானவை. மாணவர்கள் தவறாகக் கற்றுக்கொள்வார்கள். எடுத்துவிடலாமா?" எனக் கேட்டார். அவர் கவலை நேர்மையானது. ஆயினும், அவற்றை அகற்றுவதற்கு மாறாக, ஒவ்வொன்றின் அடியிலும் அது செய்யப்பட்ட காலத்தை எழுதிவைத்து, கால வரிசையில் நிறுத்துமாறு கூறினேன். வரிசை அமைந்ததும் வாலானது பொம்மைக்குப் பொம்மை சிறிது சிறிதாக நிமிர்வதை மாணவர்கள் தாமே கண்டுகொண்டனர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, இதற்கு அடுத்த பொம்மை எப்படி இருக்கும்?" எனக் கேட்டாள். சரியான பொம்மையை மட்டும் வைத்திருந்தால் அக்கேள்வி பிறந்திராது. இன்றைய அறிவும் நாளை திருத்தப்படலாம் என்பதைப் பாடநூல் ஒரு வரியில் கூறும். அவ்வரிசை அதனைக் கண்ணெதிரே காட்டிற்று.

இத்தகைய பொருள்களைப் பேணுவதற்குச் சில எளிய முறைகள் உள்ளன. நேர் வெயில் பிளாஸ்டிக்கை வெளிறச் செய்து நொறுங்க வைக்கும். மென்மையான பி.வி.சி. பொம்மைகள் நாளடைவில் பிசுபிசுக்கும். அவற்றைப் பிற பிளாஸ்டிக் பொம்மைகளோடு ஒட்டி வைத்தல் ஆகாது. பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசுவது கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும். எல்லாவற்றினும் முதன்மையானது, அப்பொருள் எங்கிருந்து, எப்போது, எவரிடமிருந்து வந்தது என எழுதி வைத்தலாகும்.

முடிவுரை

1854ஆம் ஆண்டில் ஹாக்கின்ஸ் வகுப்பறைக்கெனச் செய்த சிற்றுருவம் பொருட்காட்சியையும் எஃகு அச்சையும் ஹாங்காங் பையையும் கடந்து மீண்டும் வகுப்பறைக்கு வந்திருக்கிறது. வழியில் அது பெற்ற பிழைகளும் திருத்தங்களும் மனித அறிவு வளர்ந்த வழியைக் காட்டுகின்றன. பிழையை மறைக்கும் கல்வி மாணவனுக்கு முடிவை மட்டுமே கொடுக்கும். பிழை திருத்தப்பட்ட வழியைக் காட்டும் கல்வியோ, தானும் திருத்தலாம் என்னும் துணிவை அவனுக்குக் கொடுக்கும்.

நம் தோட்டப்புறங்கள் பல மறைந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு விளையாடப்பட்ட பொருள்களும் வேகமாக மறைந்து வருகின்றன. ஆசிரியப் பெருமக்கள் ஒருமுறை தம் மாணவர்களிடம், வீட்டிலுள்ள பெரியவர்களின் பழைய விளையாட்டுப் பொருள் ஏதேனும் இருப்பின் கொண்டுவருமாறு கூறிப் பார்க்கலாம். கொண்டுவரும் மாணவன் அதனை வாங்கிய கடை, கொடுத்த காசு, வாங்கித் தந்தவர் ஆகியவற்றைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதட்டும். அத்தாள் அவன் எழுதும் முதல் வரலாற்றுக் கட்டுரையாக அமையும்.